பானெட்டில் ஒரு சொல்

“இங்கதான் மேடம் இருந்துச்சு! காலைல என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

டைல்ஸ் கடை முதலாளி தன் கறுப்புக் காரின் முன்னால் நின்று கத்தினார். உச்சி வெயிலில் பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் எதிரே, தன் அலுவலக வாசலில் நின்ற பெண்மணி வாகன சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, சேதம் எப்படி வந்தது என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்வது அவள் தொழில். சேதத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டிக்காரர்கள் அதைச் சுற்றிக் கட்டும் கதையைச் சகிப்பதுதான் கஷ்டம். பல வருஷமாகச் சகித்ததில் அவள் முகம் எப்போதும் புளித்த மோரைக் குடித்தது போலவே இருக்கும். உடன்பிறந்த தம்பிதான் உதவியாளன். படம் எடுப்பான், டேப் பிடிப்பான், கேஸ் என்னவென்று தெரிவதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடுவான்.

“என்ன எழுதியிருந்துச்சு?” என்றாள்.

“‘போதும்’னு. அது ஒண்ணுதான். எப்பவும் அதே சொல்லு, எப்பவும் பானெட்லதான். காலைல பாக்குறேன், இருக்கு. கடைக்கு ஓட்டிட்டுப் போய் ஆளுங்களைக் கூப்பிட்டுக் காட்டினா இல்ல. பல நாளா இதே கூத்து. கடைப் பசங்க முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிறானுங்க.”

“போட்டோ எடுக்கலையா சார்?” என்று தம்பி ஆவலாகக் கேட்டான்.

முதலாளி செல்போனை நீட்டினார். படத்தில் கறுப்புப் பளபளப்பும் ஒரு டியூப்லைட்டும், அதற்கு நடுவே முதலாளியின் சொந்த முகமும் தெரிந்தன. ‘நாள் பூரா பாக்குறது இதைத்தானே’ என்று சர்வேயர் நினைத்துக்கொண்டாள்.

“வீட்டுல வேற யாராவது பாத்தாங்களா?”

“பையனைக் கூப்பிட்டேன். வாசப்படியிலயே நின்னு, ஒண்ணும் தெரியலப்பான்னுட்டுப் போயிட்டான். எனக்கு மூளை கலங்கிடுச்சாம். டிரைவர் ஒருத்தன்தான் பாத்தேன்னு சொன்னான். எழுதினவனுக்குத்தானே மேடம் தெரியும்? அங்கயே புடிச்சுட்டேன். சாவியைப் புடுங்கிட்டு முந்தாநாள் தொரத்திட்டேன்.”

உண்மையைச் சொன்ன ஒருவனைத் தேடிப் பிடித்துக் குற்றவாளியாக்கிய மனிதரைச் சர்வேயர் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அதுக்கப்புறமும் இன்னிக்குக் காலைல எழுத்து வந்திருக்கே?”

“கள்ளச்சாவி வச்சிருப்பான். சாயங்காலம் ஸ்டேஷன்ல புகார் குடுக்கப் போறேன். ஏதோ ஸ்கூல் பஸ் ஓட்டப் போறானாம். புகார் போனா எந்த ஸ்கூல் சேத்துக்கும்? நீங்க பாத்து, கீறினது உண்மைதான்னு எழுதிக் குடுத்தாப் போதும்.”

இல்லாத கீறலுக்குச் சான்றிதழ். அவள் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பு மாதிரி கொதித்தது.

“கையை எடுங்க!” முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஃபிலிம் போட்டிருக்கு. பெயிண்டைக் காப்பாத்துற ஃபிலிம். கண்ணுக்கே தெரியாது. கல்லு தெறிச்சாலும் அசையாது.”

பிறகு அவர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தூசி புகாத அறையில் வண்டியைப் பூட்டி வைத்ததையும், சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஃபிலிமை விரித்ததையும், அடியில் இருந்த தண்ணீரை ரப்பர் பட்டையால் தள்ளித் தள்ளி ஓரத்தைப் பானெட்டுக்கு உள்பக்கம் மடக்கி ஒட்டியதையும் சொல்லும்போது அவர் குரல் குழைந்தது. மகனின் கல்யாணத்தைக்கூட இந்த மனிதர் இப்படி வர்ணித்திருக்க மாட்டார்.

“வண்டி முழுக்கப் போட்டீங்களா?”

“முன்பக்கம் மட்டும்தான். கல்லடி படறது அங்கதானே.”

“எப்படிப் பராமரிக்கணும்னு கடைக்காரர் சொல்லியிருப்பாரே?”

“வாய் ஓயாம என்னமோ சொன்னான். துடைக்கப் போறது என் வீட்டுக்காரி, அவகிட்ட சொல்லிக்கோன்னுட்டேன். எனக்கு வேற வேலை இல்லையா?”

“கார் கிட்ட யாரெல்லாம் போவாங்க?”

“யாரும் போக முடியாது. ஷெட்டு சாவி என் தலையணைக்கு அடியில.”

“போன வாரம் பூரா மழை பெஞ்சுதே. அப்பவும் எழுத்து வந்துச்சா?”

முதலாளி யோசித்தார். “இல்ல. மழை நாள்ல ஒண்ணும் வரல.”

“சாயங்காலம் வீட்டுக்கு வர்றோம். டிரைவரையும் வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஸ்டேஷன் பக்கம் போகாதீங்க.”

கார் ஊர்ந்து போனது. வழியில் கிடந்த சிறு கல்லுக்குப் பயந்து அது சுற்றி வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டே தம்பி சொன்னான்: “அக்கா, மகன்தான். அப்பாவுக்குப் பைத்தியம்னு காட்டிட்டு கடையை அமுக்கப் பாக்குறான்.”

“அதுக்கு விடியக்காலைல எழுந்திரிக்கணும்டா. வாசப்படியை விட்டு இறங்கி வந்து பாக்கவே சோம்பல்படுறவன் அவன்.”

“அப்ப டிரைவர்?”

“வாயை மூடிட்டு வா. சாயங்காலம் அங்க போனதும் காதைத் திறந்து வச்சுக்கோ.”

முதலாளி வீட்டில் முதலில் கண்ணில் பட்டது கார் ஷெட்தான். தரையில் கடையின் உயர்ந்த ரகக் கல். சுவரில் மெத்தென்ற துணிகள் அளவுவாரியாகத் தொங்கின. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. உள்கதவின் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் இரண்டு வளையல்களும் ஒரு மோதிரமும் மாட்டியிருந்தன. உள்கதவு வழியாகச் சமையலறை தெரிந்தது. அங்கே தரையில் விற்காமல் போன துண்டுக் கற்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டாத நிறங்களில் பதிக்கப்பட்டிருந்தன.

“அது யாரோட வளையல்?” என்றாள் சர்வேயர்.

“வீட்டுக்காரியோடது. விடியக்காலைலயும், வண்டி திரும்பி வந்ததும் துடைக்கும்போது கழட்டி வச்சிடணும். உலோகம் பட்டா ஃபிலிம் என்னத்துக்கு ஆகும்? பைப்புல பீச்சி அடிக்கக் கூடாது, ஓரம் பிரியும். வட்டமா தேய்க்கக் கூடாது. பறவை எச்சம் விழுந்தா உடனே ஊற வச்சு எடுக்கணும். எல்லாம் பழக்கி வச்சிருக்கேன்.”

‘பழக்கி’ என்ற சொல்லை அவர் பெருமையோடு சொன்னார்.

மகன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்து நின்றான். வெளியே வாசல் ஓரமாக டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முப்பது வயதிருக்கும், அழுது ஓய்ந்த முகம். உள்கதவருகே முதலாளியின் மனைவி நின்றாள். மெலிந்த, குள்ளமான பெண். அவள் அங்கே இருப்பதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

“ஐயா, எழுத்து இருந்துச்சுன்னுதான் சொன்னேன்,” என்றான் டிரைவர். “இருந்ததை இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

“பாத்தீங்களா திமிரை!” என்றார் முதலாளி.

“எங்க இருந்துச்சு?” சர்வேயர் கேட்டாள்.

“பானெட்டோட முன்விளிம்பு கிட்டம்மா. ரொம்பக் கீழ. நான் குனிஞ்சுதான் பாத்தேன்.”

அவள் தலையாட்டினாள். பைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஸ்பூனை எடுத்தாள். யாரும் ஊகிப்பதற்குள் அதன் காம்பால் பானெட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தாள்.

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ! என்ன காரியம் பண்றீங்க!” மகன் முதல்முறையாகச் செல்போனைத் தாழ்த்தினான். டிரைவர் தன் உடம்பிலேயே கீறல் விழுந்தது போல ஓடிவந்தான். தம்பி வாயைப் பிளந்தான். கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

“கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா?” என்றாள் சர்வேயர், நிதானமாக.

“சுடுதண்ணியா!” முதலாளி குரல் கீச்சிட்டது. “என் வண்டியைக் கீறிட்டு, குடிக்கத் தண்ணி கேக்குறீங்களா?”

“காபியே போடச் சொல்றேன், அவரைக் கண்டுக்காதீங்க,” என்று மகன் முணுமுணுத்தான்.

மனைவி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் டம்ளர் இல்லை. ஆவி பறக்கும் ஒரு பெரிய ஜக்கும், தோளில் ஒரு மெத்தென்ற துணியும் இருந்தன. நேராகப் பானெட்டுக்கு வந்து நின்றாள். அதன் பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சர்வேயர் ஜக்கை மெதுவாக வாங்கி, கோட்டின் மேல் ஊற்றினாள். துணியால் ஒற்றி எடுத்தாள். கோடு இல்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“இந்த ஃபிலிமோட மேல்பூச்சுல சூடு பட்டா லேசான கீறல் தானா மறைஞ்சிடும்,” என்றாள் சர்வேயர். “பேயும் இல்ல, உங்க மூளையும் கலங்கல. மூளையைப் பொறுத்தவரைக்கும் இருந்தது அப்படியேதான் இருக்கு. காலைல எழுத்து இருக்கும். இஞ்சின் சூட்டுலயும் வெயில்லயும் கடைக்குப் போறதுக்குள்ள அழிஞ்சிடும். மழைத்தண்ணி பட்டு பானெட் சில்லுன்னு இருக்கிற நாள்ல அழியாது. அதனாலதான் மழை நாள்ல எழுத்து வரல. கதவுல ஃபிலிம் இல்ல, கீறினா நிக்கும். அதனால பானெட்டை விட்டு எழுத்து நகரல. எழுதினவங்களுக்கு இந்த ஃபிலிமைப் பத்தி உங்களைவிட நல்லாத் தெரியும். உங்க வண்டியைக் கெடுக்கணும்னு துளியும் எண்ணமில்ல.”

“டிரைவர்தான் அப்ப—”

“சாவியைப் புடுங்கின பிறகும் எழுத்து வந்துச்சே. ஏன் வந்துச்சு? டிரைவர் இல்லாதப்பவும் வருது பாருங்கன்னு உங்களுக்குப் புரிய வைக்க வந்துச்சு. அவர் மேல இரக்கப்பட்ட ஒருத்தங்க எழுதினது. நீங்க அதுக்கும் ஒரு கள்ளச்சாவி செஞ்சுட்டீங்க. அவ்வளவு பட்டவர்த்தனமா சொல்லியும் விளங்காத ஆளுக்கு இனிமே யாரு என்ன எழுதி என்ன?”

“யாரு மேடம் அது?”

தம்பி எப்போதோ முதலாளியின் மனைவி பக்கம் திரும்பியிருந்தான். பெயர் சொல்ல வாய் துடித்தது. சர்வேயர் ஒரு பார்வையில் அதை அடக்கினாள்.

“யாரெல்லாம் கிட்ட போவாங்கன்னு கேட்டேன், யாருமில்லைன்னீங்க. தினமும் விடியக்காலைல ஒருத்தங்க மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டு இதைத் தொட்டுத் துடைக்கிறாங்க. அவங்க உங்க கணக்குலயே வரல.”

எல்லார் கண்ணும் ஆணியிலிருந்த மோதிரத்துக்குப் போனது.

“நான்தான்,” என்றாள் மனைவி.

மகன், “அம்மா?” என்றான். அந்தச் சொல்லை ரொம்ப நாளாக உபயோகிக்காதவன் போலிருந்தது.

“ஒரு நாள் மோதிரத்தைக் கழட்ட மறந்துட்டேன். கீறிடுச்சு. வண்டி திரும்பி வர்ற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்கல, அவ்வளவு பயம். வந்து பாத்தா கீறலே இல்ல. அப்பத்தான் கடைக்காரர் சுடுதண்ணி, வெயில்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு.” அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். “அப்புறம் ஒரு நாள் கொண்டை ஊசியோட மழுங்கின முனையால எழுதிப் பாத்தேன். வாயால சொல்ல வராத சொல்லு, கையில வந்துடுச்சு. அன்னிக்கு இவரு முகம் வெளுத்துப் போய் சுத்திச் சுத்தி வந்தாரு. நான் எழுதினதை ஒருத்தர் படிக்கிறாரேன்னு இருந்துச்சு. மறுபடி எழுதினேன்.”

அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். “உன் மேல பழி விழும்னு நினைக்கலப்பா. சொல்லலாம்னு எத்தனையோ வாட்டி வாயெடுத்தேன். தைரியம் வரல. மன்னிச்சுக்கோ.”

“ஐயோ, விடுங்கம்மா,” என்றான் டிரைவர்.

முதலாளி பானெட்டின் மேல் குனிந்திருந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கோடு இருந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சர்வேயரைப் பார்த்து, மிகுந்த கவலையோடு கேட்டார்:

“இப்படித் திரும்பத் திரும்பக் கீறினா, ஃபிலிமோட ஆயுசு குறைஞ்சிடுமா மேடம்?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ நசுங்கிய வண்டிகளைப் பார்த்திருந்த சர்வேயருக்கு, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக அது அவளுக்குப் படவில்லை.

“டிரைவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க,” என்றாள். “இங்க, எல்லார் முன்னாடியும். இல்லாட்டி நானே ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொல்றேன். கடைப் பசங்களுக்கும் அந்தக் கதை பிடிக்கும்.”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “புகார் இல்ல. போ,” என்றார், பானெட்டைப் பார்த்தபடியே.

“அவரு மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்ததும், ஏதோ ஞாபகம் வந்தவராக மனைவியிடம் திரும்பினார். “அப்ப நாளைக்குக் காலைல யாரு துடைக்கிறது?”

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கடையில் ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கீழே வைப்பவர்களின் பார்வை. தோளிலிருந்த துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஆணியிலிருந்த வளையல்களை மாட்டிக்கொண்டாள், மோதிரத்தை மட்டும் தொடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“தங்கச்சி வீட்டுக்குப் போறேன்,” என்று மகனிடம் சொன்னாள். “எப்ப வருவேன்னு கேக்காத.”

தம்பி ஓடிப்போய்த் தங்கள் பழைய காரின் பின்கதவைத் திறந்தான். பல நிறங்களில் ஒட்டுப் போட்ட, முன்பம்பர் தொங்கும் கார். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, கதவின் விளிம்பை விரலால் பிடித்து, பூவைத் தொடுவது போல மெல்லச் சாத்தினாள். கதவு மூடவில்லை.

“அடிச்சுச் சாத்துங்கம்மா,” என்றாள் சர்வேயர். “மெதுவா சாத்தினா இது மூடாது.”

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கதவை முழுக்கத் திறந்து, இரண்டு கையாலும் இழுத்து ஓங்கி அடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. ஷெட்டுக்குள் முதலாளி துள்ளி விழுந்தார்.

கதவு மூடிவிட்டிருந்தது. ஆனாலும் அந்த அம்மாள் அதைத் திறந்து, இன்னொரு தடவை அடித்தாள்.