இரண்டு தட்டு, அரை நொடி

காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா கையுறைகளை மாட்டிக்கொண்டாள். மணிக்கட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது. பிறகு ஈரத் துணியை எடுத்துப் பரிசோதனை மேசையைத் துடைத்தாள். அதற்கு அவசியம் இல்லை; மேசை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். ஆனால் பதினெட்டு வருடமாக அவளுடைய நாள் அப்படித்தான் தொடங்குகிறது. வாசற்படியில் கிடந்த சாம்பல் பூனை ஒரு கண்ணைத் திறந்து அவள் வேலையைச் சரிபார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள்.

துறைமுகச் சாலையில் இருந்த அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவளைத் தவிர மனிதர் யாரும் வேலை பார்க்கவில்லை. வாசலில் நின்ற நோயறி வளைவைத் தாண்டும்போதே ஆட்டின் எடை, காய்ச்சல், ரத்தத்தின் சேதி எல்லாம் தெரிந்துவிடும். மருந்தைக் கலந்து, கூரையிலிருந்து இறங்கி வந்து போடுவது ஊசிக்கை. கால்நடை உதவியாளர் என்ற பதவியில் மிச்சமிருந்தது ஒரே வேலைதான். விலங்கைப் பிடித்துக்கொள்வது.

முதல் ஆளாக மாரித்தாய் வெள்ளாட்டோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா, டாக்டர எங்க?"

"மேல தொங்குதுல்லா, அதான்க்கா டாக்டர்."

"இதா? எங்க வீட்டு ஃபேன் மாதிரில்லா இருக்கு."

"ஒங்க வீட்டு ஃபேன் ஊசி போடுமா? எனக்குப் பின்னாடி வந்து நில்லுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா ஆடு துள்ளும்."

"என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?" என்று முனகியபடி மாரித்தாய் நகர்ந்தாள்.

ஜெசிந்தா ஆட்டைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். இடக்கை தாடைக்கு அடியில், வலக்கை விலாவில். உள்ளங்கையின் கீழே அதன் நெஞ்சு படபடத்து, மெல்ல அடங்கியது. ஆள்காட்டி விரலால் விலாவில் இரண்டு முறை தட்டினாள். நிமிர்ந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே வெறும் சுவர். ஊசி இறங்கியது. ஆடு கத்தவில்லை.

"ஒனக்கு நல்ல கை," என்றாள் மாரித்தாய்.

அந்த நல்ல கையைத்தான் மூன்று வருடமாகக் கையுறைகள் படித்துக்கொண்டிருந்தன. எங்கே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு, எந்த விரல் எப்போது தளர்கிறது என்று ஒவ்வொரு பிடியும் பதிவானது. பத்தாயிரம் பிடிகள் சேர்ந்ததும் 'தாங்கி' என்ற இயந்திர மென்கைகள் மாநிலத்தின் நானூறு மருத்துவமனைகளுக்கும் போகும். அதன் பிறகு உதவியாளர் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஜெசிந்தாவே கையெழுத்துப் போட்டிருந்தாள். மாரித்தாயின் ஆடு பத்தாயிரமாவது.

மதியம் சுவர்த்திரையில் கபிலன் வந்தான். சென்னையிலிருந்து அவள் பதிவுகளைப் பார்க்கும் பொறியாளன். அவள் விரல்களை அவ்வளவு தெரிந்தவன், அவளை நேரில் பார்த்ததே இல்லை.

"வாழ்த்துகள்க்கா, முடிஞ்சுது! ஒரே ஒரு டவுட். ஊசிக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டுறீங்க. அப்புறம் அரை நொடி சும்மா நிக்கிறீங்க. பத்தாயிரத்துலயும் இருக்கு. எதுக்கு அது?"

"ஏன், இருந்தா என்ன?"

"காரணம் எழுதாம ஒரு அசைவையும் தாங்கிக்குள்ள அனுப்பக் கூடாது. வெறும் பழக்கம்னா சொல்லுங்க, எடுத்துடலாம். என்ன, அது இல்லாம இன்னும் ரெண்டாயிரம் பிடி பதியணும். உங்களுக்கு லாபம்தான், எட்டு மாசம் வேலை நீளும்."

காரணம் அவளுக்குத் தெரியும். காரணத்தின் பெயர் டாக்டர் சுடலைமுத்து. நாய்கள் குரைக்கிற அறையில் பேச்சு காதில் விழாது என்பதால் இருவரும் ஏற்படுத்திக்கொண்ட சைகை அது. விலங்கின் உடம்பில் அவள் இரண்டு தட்டுத் தட்டினால், மறுபக்கம் கை வைத்திருக்கும் அவருக்கு அது தெரியும். பிடி சரி, போடலாம் என்று அர்த்தம். அவர் "ம்" என்பார். பிறகுதான் ஊசி. பன்னிரண்டு வருடம் அப்படி வேலை பார்த்தார்கள். ஊசிக்கை வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். சேதி அவளுக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. அவள் விரலுக்கு இன்னும் வரவில்லை.

எட்டு மாதம். காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், மாரித்தாய் போல நாலு பேரின் பேச்சு, கைக்குள் ஏதாவது ஓர் உயிரின் சூடு. அதற்கு விலை, தட்டாமல் பிடிக்கப் பழகுவது. அப்புறம் அந்த "ம்"முக்காகக் காத்திருக்க உலகத்தில் எந்தக் கையும் இருக்காது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. அது ஆட்டுக்குத்தான்."

"ஆட்டுக்கா?"

"ஆடு, மாடு, நாய் எல்லாத்துக்குந்தான். இப்பக் குத்தப் போறோம்னு சொல்லிட்டுக் குத்தணும்லா? சொல்லாமக் குத்துனா என்ன மரியாத?"

கபிலன் சிரித்துக்கொண்டே எழுதினான். காரணம்: முன்னறிவிப்பு.

அவள் சொன்னது பொய். அந்த அரை நொடியில் விலங்கு என்ன செய்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் நிமிர்ந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கையுறைகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, மேனேஜரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஐந்து மாதம் கழித்துப் பூனை இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. கூடையில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்து வந்தாள்.

"விலங்கின் பெயர்?" என்று வளைவு கேட்டது.

"மேனேஜர்."

"பதவி தேவையில்லை. பெயர்?"

"அதாம்பா பேரு."

உள்ளே யாரும் இல்லை. கூட வந்தவர் நிற்பதற்கு மேசையின் எதிர்ப்பக்கத்தில் தரையில் மஞ்சள் வட்டம் போட்டிருந்தார்கள். முன்பு டாக்டர் நின்ற இடம். ஜெசிந்தா அதில் போய் நின்றாள். மேசையின் விளிம்பிலிருந்து இரண்டு மென்கைகள் எழுந்து பூனையை அணைத்தன. இடக்கை தாடைக்கு அடியில், வலக்கை விலாவில். ஆள்காட்டி விரல் வளைந்து இரண்டு முறை தட்டியது. பிறகு அசையாமல் நின்றது.

மேனேஜர் மூச்சை நிறுத்திக்கொண்டு தலையைத் தூக்கியது. எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தது.

"ம்," என்றாள் ஜெசிந்தா.

ஊசி இறங்கியது.