குழை வைக்காத றோட்டு

சிவகரன் உழவு மெசினை இழுவைப் பெட்டியோடு கிளிநொச்சி வாகனப் பரிசோதனை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. பெட்டியின் பின்னால் புதுச் சிவப்பு விளக்குகளும் மின்னும் பட்டிகளும் இருந்தன. இத்தனை வருடமாக அவன் அவற்றைப் பூட்டியதில்லை. நெல்லேற்றுகிற பெட்டிக்கு என்ன சோடனை என்று சொல்லித் திரிந்தவன்தான்.

பரிசோதகர் பின்பக்கம் சுற்றி வந்து நின்றார்.

"விளக்கெல்லாம் நல்லாய் எரியுது. பிறகேன் அண்ணை குழை கட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

சிவகரன் எதையும் கட்டவில்லை. ஆனால் பெட்டிக் கதவில் ஒரு பாலைக் குழை, இலையோடு முறித்த சின்னக் கொப்பு, செருகியிருந்தது. முறித்த இடத்தில் பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

அவன் அதைப் பிடுங்கி எறிந்தான்.

றோட்டில் வாகனம் பழுதாகி நின்றால் வன்னியில் எவனும் செய்கிற முதல் வேலை, பற்றைக்குள் போய்க் குழை முறித்துவந்து வாகனத்துக்குப் பின்னால் எட்டத்திலேயே போட்டுவிடுவது. வருகிறவன் கண்டு விலத்துவான். மாசி அறுவடையில், பூநகரி றோட்டில் டீசல் முடிந்து மெசின் நின்ற மாலையில், சிவகரன் அதைச் செய்யவில்லை. அலுப்பு. இந்தா வந்துவிடுவேன் என்று டீசல் கானைத் தூக்கிக்கொண்டு நடந்தான். திரும்பி வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் சிதறிய மீனும் கிடந்தன. பக்கத்தில் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

மூச்சு இருந்ததா என்று சிவகரன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டீசலை ஊற்றி மெசினை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீன்காரன் நிஷாந்தன் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடி விழுந்து செத்தான் என்று ஊர் சொன்னது. சிவகரனும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவனை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது.

பரிசோதனை முடிந்து திரும்புகையில், பூநகரி றோட்டில் அதே இடத்தில் மெசின் நின்றது. தாங்கி நிறைய டீசல் இருந்தது. நடுப்பகல், காற்று இல்லை, றோட்டில் ஒரு குருவிகூட இல்லை.

பற்றைக்குள் ஏதோ முறிந்தது.

மாடாக இருக்கும் என்று நினைத்தான். மறுபடி முறிந்தது. பிறகு இழுபடும் சத்தம்.

மீன் வாடை வந்தது. ஐஸ் உருகி வடியும் பெட்டியின் வாடை.

அவன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் தார் றோட்டில் பச்சைக் குழைகள் இடைவெளி விட்டு ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. போட்டவர் யாரும் இல்லை.

பெட்டி ஒரு பக்கம் அமிழ்ந்தது.

யாரோ ஏறிவிட்டார்கள்.

சாவியைத் திருகியதும் மெசின் ஒரே முறையில் இயங்கியது. சிவகரன் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. நிஷாந்தனின் மனைவி ரஜிதாவிடம் போய் உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. நேரே பூநகரிக்கு விட்டு, அவள் வீட்டு வேலிப் படலையில் நிறுத்தினான்.

ரஜிதா வாசலுக்கு வந்தாள். அவன் தண்ணீர் கேட்டான். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் செம்போடு வந்து, எந்த றோட்டால் வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத் தானாகவே சொல்லத் தொடங்கினாள். அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லையாம். சொன்னால் சனம் சிரிக்கிறதாம். குடிகாரன் பெண்சாதி என்று சந்தையில் முகத்துக்கு நேரே சொல்கிறார்களாம்.

"நீங்கள் அந்த றோட்டால ஓடுறனீங்கள்தானே அண்ணை. அண்டைக்கு என்ன நடந்ததெண்டு ஏதும் தெரியுமோ?"

உண்மை தொண்டை வரை வந்தது. பொலிசும் வழக்கும் தன் பெண்சாதி பிள்ளைகளின் முகமும் அதற்கு முன்னால் வந்து நின்றன.

"இல்லைத் தங்கச்சி. தெரியாது."

ரஜிதா அவன் தோளுக்கு மேலால் படலையைப் பார்த்தாள்.

"அப்ப பெட்டிக்குள்ள குனிஞ்சுகொண்டு இருக்கிறவரைக் கேட்டுப் பாக்கட்டோ?"

சிவகரன் அசையவில்லை.

பெட்டிக் கதவு விழுந்தது.

மணலில் காலடி கேட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில், யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

ரஜிதாவின் கையில் செம்பு சாய்ந்து தண்ணீர் அவள் காலில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கத்தவும் இல்லை. வேலைக்குப் போய்வந்த புருசனிடம் கேட்பது போலவே, மெல்லக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இவர்?"