ஒரே பட்டையில் ஐந்து போர்டு

எங்கள் ஆறாம் வகுப்பில் யார் அறிவாளி என்பதைத் தொண்டைதான் முடிவு செய்தது. மிஸ் கேள்வி கேட்டதும் யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் மதிப்பெண். ஹரிஷ் கத்தினால் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் பக்கத்தில் உட்காரும் பிரிஜெட்டுக்கு எல்லாப் பதிலும் தெரியும். ஆனால் அவள் குரல் அடுத்த பெஞ்சுக்குப் போய்ச் சேராது. எனக்கு மட்டும் கேட்கும். எனக்குக் கேட்டு என்ன பயன்? வகுப்பு வினாடி வினாவில், எழுதிக் கொடுக்கும் முதல் சுற்றிலேயே பூஜ்யம் வாங்கி வெளியே வந்தவள் நான்.

கடைசிச் சுற்றில் ஹரிஷ், பிரிஜெட் உட்பட நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர், பள்ளிகளுக்கு இடையே நடக்கும் வினாடி வினாவுக்குப் போகலாம்.

"இந்தத் தடவையும் ஹரிஷ் கத்தியே ஜெயிச்சிடுவான், இளவேனில்," என்றாள் பிரிஜெட்.

"கத்தவே வேணாம்னா?" என்றேன்.

என் அம்மா ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளுக்கு சால்டர் வைக்கிறாள், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டுகிறாள். போர்டு என்றால் கரும்பலகை இல்லை. ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு தெரியுமே, அது. அம்மா பக்கத்தில் இருந்தால் அந்தச் சூடான சால்டரிங் கம்பியை நானும் பிடிக்கலாம். ஒரு மாதம் உட்கார்ந்து ஐந்து போர்டுகள் செய்தேன். நான்கு சின்ன போர்டுகளில் ஆளுக்கு ஒரு பட்டன். மிஸ் மேஜைக்கு ஒரு பெரிய போர்டு. அதில் நான்கு லைட். யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்களுடைய லைட் மட்டும் எரியும்.

அதுவரை எல்லாம் சரி. ஐந்தையும் இணைத்ததில்தான் என் அறிவு முழுவதும் வெளிப்பட்டது. ஒவ்வொரு போர்டிலிருந்தும் நீளநீளமாக வயர் இழுத்து சால்டர் வைத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பைக்குள் திணித்து எடுத்துப் போனேன். வகுப்பில் வெளியே எடுத்தபோது இடியாப்பம் மாதிரி வந்தது. மூன்று வயர்கள் அறுந்திருந்தன.

"பட்டன அமுக்கினா டிபன் வருமா?" என்றான் ஹரிஷ்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

"திங்கட்கிழமை போட்டி," என்றார் சீதாலட்சுமி மிஸ். "அதுக்குள்ள சரியாச்சுன்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா எப்பவும் போல வாயாலதான்."

பிரிஜெட் எனக்கு உதவியாக வயர்களைச் சுருட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் வேலை. மதியம் இருவரும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போனோம். கழற்றி மாட்டுகிற மாதிரி கனெக்டர் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்து விலையைச் சொன்னார். அம்மா அதைக் கண்ணாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"கம்மியில பேகுன்னா அந்தக் கூடையில பாருமா. பழைய கம்ப்யூட்டர் சாமான்," என்றார் அவர். 'பேகு' என்றால் கன்னடத்தில் 'வேணும்'.

கூடையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை கிடந்தது. பத்து மெல்லிய வயர்கள் பக்கம் பக்கமாக ஒட்டி, ரிப்பன் போல இருந்தன. ஓர் ஓரம் மட்டும் சிவப்பு. இரண்டு முனையிலும் சாக்கெட் இருந்தது. நடுவிலும் ஒன்று இருந்தது.

வயரை வெட்டாமல் நடுவில் எப்படி மாட்டினார்கள்? உற்றுப் பார்த்தேன். சாக்கெட்டுக்குள் குட்டிக் குட்டிப் பற்கள். அவை வயரின் தோலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சால்டரே கிடையாது.

"அம்மா, ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியா வயர் எதுக்கு? நீளமா ஒரே பட்டை போதும். துணி காயப்போடற கொடியில கிளிப் மாட்டறோம்ல, அந்த மாதிரி எங்க போர்டு வருதோ அங்க ஒரு சாக்கெட்."

அம்மா பட்டையை வாங்கிப் பார்த்தாள். "இத நான் கம்பெனில தினமும் பாக்கறேன்டி. எனக்குத் தோணல பாரு."

"கையால அமுக்கினா கடிக்காதும்மா," என்றார் கடைக்காரர். "பிரஸ் மிஷின் வேணும்."

"எங்க வீட்ல பிரஸ் இருக்கு," என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது பூரி பிரஸ்டி."

ஐந்து மீட்டர் பட்டை, ஐந்து சாக்கெட், போர்டுகளில் பொருத்த ஊசி வரிசைகள். எல்லாம் சேர்த்தும் அந்தப் பளபளப்பான கனெக்டர் ஒன்றின் விலை ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாவு உருண்டை வைக்கும் இடத்தில் பட்டையையும் சாக்கெட்டையும் வைத்துக் கைப்பிடியை அழுத்தினேன். 'கடக்'. பற்கள் கடித்துவிட்டன. ஐந்தும் முடிந்தபோது பட்டை முழுக்க எண்ணெய் வாசம். போர்டுகளை மாட்டி, ஒவ்வொரு பட்டனாக அமுக்கினேன். லைட் எரிந்தது. லைட் எரிகிறதா என்றுதான் பார்த்தேன். எந்த லைட் என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பட்டையைச் சுருட்டி எடுத்துப் போய், நான்கு மேஜைகளிலும் போர்டை வைத்துச் சொருகினேன். முதல் மேஜையில் ஹரிஷ், கடைசி மேஜையில் பிரிஜெட்.

"கர்நாடகாவோட மாநிலப் பறவை எது?" என்றார் மிஸ்.

பிரிஜெட் பட்டனை அமுக்கியதை நான் பார்த்தேன். எரிந்தது ஹரிஷின் லைட்.

"ஹரிஷ், சொல்லு."

"நான் அமுக்கவே இல்ல மிஸ்," என்றான் ஹரிஷ். "ஆனா நீங்க கேட்டுட்டீங்க, அதனால சொல்றேன். பனங்காடை."

சரியான பதில். மிஸ் சாக்பீஸை எடுத்தார். பிரிஜெட் தன் விரலைப் பார்த்தாள், ஏதோ விரல்தான் தப்புச் செய்துவிட்டது போல. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் ஓடிப் போய் பட்டையைப் பார்த்தேன். எல்லாச் சாக்கெட்டிலும் சிவப்பு ஓரம் இடது பக்கம் வர வேண்டும். பிரிஜெட்டுடையதில் மட்டும் வலது பக்கம். திருப்பி வைத்துக் கடிக்க விட்டிருக்கிறேன். கடைசி வயருக்குப் போக வேண்டியது ஹரிஷுடைய முதல் வயருக்குப் போய்விட்டது. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"மிஸ், அமுக்கினது பிரிஜெட்," என்றேன். "மிஷின் தப்பு பண்ணிடுச்சு. இல்ல மிஸ், மிஷின் இல்ல, நான்தான். ஒரு சாக்கெட்ட திருப்பிப் போட்டுட்டேன்."

சிரித்தார்கள்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

பழைய இடியாப்பமாக இருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். நான் பிரிஜெட்டின் சாக்கெட்டைப் போர்டிலிருந்து பிடுங்கி, திருப்பி, மறுபடியும் சொருகினேன். "ஆச்சு மிஸ்."

"அந்தக் கேள்விய விட்டுடுங்க மிஸ்," என்றான் ஹரிஷ். "எனக்கு மார்க் வேணாம்."

அடுத்த கேள்விக்கு பிரிஜெட்டின் லைட் எரிந்தது. மற்றவர்கள் இனி அமுக்கியும் பயனில்லை, கத்தியும் பயனில்லை. வகுப்பு அமைதியானது. பிரிஜெட் பதில் சொன்னாள்.

தப்பான பதில். ஆனால் தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஏனென்றால் எல்லாருக்கும் கேட்டது. முதலில் சிரித்தது பிரிஜெட்தான்.

அதற்கப்புறம் வந்த எட்டுக் கேள்விகளில் நான்கு அவளுடையவை, மூன்று ஹரிஷுடையவை. மிஸ் இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதினார்.

மணி அடித்ததும் பிரிஜெட் ஹரிஷிடம் போய் ஏதோ சொன்னாள். வராந்தாவில் ஒரே கூச்சல்.

"என்ன சொன்ன? கேக்கல," என்றான் ஹரிஷ். கேட்டுவிட்டு, குனிந்து காதைக் காட்டி, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றான்.