மாதுரியின் லாகின்

அல்ஃபியா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய திரையிலோ அவளுடைய வரிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

இன்டர்நெட் கோளாறு என்றே வஞ்சுளவல்லி டீச்சர் முதலில் நினைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் ஒரே ஆன்லைன் பக்கத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் எழுதினாலும் அந்த இடத்தில் ஒரு வண்ணக் கோடு துடிக்கும், அதன் தலையில் பெயர் நிற்கும். அல்ஃபியாவின் கோட்டில் மட்டும் மாதுரி என்றிருந்தது.

பள்ளி வாங்கியது முப்பது லாகின்தான். ஒரு பிள்ளை போனால் அதன் லாகின் அடுத்து வரும் பிள்ளைக்கு. தை மாதம் வத்திராயிருப்பிலிருந்து அல்ஃபியா வந்து சேர்ந்தபோது, பழைய பெயரை மாற்றிவிடலாமா என்று கம்ப்யூட்டர் சார் வினோத் தயங்கிக் கேட்டார். இருக்கட்டும் என்றாள் வஞ்சுளவல்லி. மாதுரி அவள் மகள். இதே வகுப்பில் படித்தவள். ஐப்பசியில் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். பெயராவது துடிக்கட்டுமே என்றிருந்தது தாய்க்கு. “ஏட்டி மாதுரி, உனக்கு டைப்படிக்கத் தெரியாதா” என்று பிள்ளைகள் அல்ஃபியாவைச் சீண்டியபோதும் அவள் அதட்டவில்லை.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவர் ஸுந்தரராஜனிடம்கூட. எல்லோரும் நம்பியதுபோல் மாதுரிக்குக் காய்ச்சல் அன்று இரவு வரவில்லை. காலையிலேயே கொதித்தது. ராஜபாளையத்திலிருந்து நிர்வாகக் குழு பார்வையிட வரும் நாள்; வகுப்பில் வேகமாக டைப்படிப்பவள் மாதுரி ஒருத்திதான். மாத்திரை கொடுத்துக் கூட்டிவந்து மாலைவரை உட்காரவைத்தாள்.

இன்றும் அவர்கள் வருகிற நாள்.

கீபோர்டுகளின் சடசடப்புக்கும், ஏசி விடும் ஈரத்துணி நாற்றத்துக்கும், ஜன்னல் திரைக்குப் பின்னால் மங்கிக்கொண்டிருந்த மஞ்சள் வெயிலுக்கும் நடுவே அவள் அந்தக் கோட்டின் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். கோயில் தேரைப் பற்றித் தொடங்கிய வரிகள் வழி மாறியிருந்தன. மாத்திரை கசக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போகலாமா.

அல்ஃபியா கையைத் தூக்கினாள். “தலை வலிக்கு டீச்சர். மேலு சுடுது.”

வஞ்சுளவல்லி அவள் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. அனுப்பிவிட வேண்டும். இப்போதே. வராந்தாவில் பூட்ஸ் சத்தம், தாளாளரின் சிரிப்பு. அனுப்பினால் ஒரு நாற்காலி காலியாகும். பெயரும் திரையிலிருந்து போய்விடும்.

“செத்த நேரம் இரும்மா. அவங்க வந்துட்டுப் போகட்டும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது. ஐப்பசியில் சொன்னதும் இதுதான்.

அல்ஃபியா மேசைமேல் தலையைச் சாய்த்தாள். கைகள் மடியில் விழுந்தன.

கோடு நிற்கவில்லை.

இருக்கிறேன் அம்மா, என்று எழுதியது.

வந்தவர்கள் நேரே திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். “யாரும்மா இந்த மாதுரி, எம்புட்டு வேகம்” என்றார் ஒருவர்.

முன்வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. அடுத்து அதன் பக்கத்தில் ஒன்று. சடசடப்பு தேய்ந்தது. நின்றது. ஏசியின் முனகல் மட்டும். எந்தப் பிள்ளையின் கையும் கீபோர்டில் இல்லை.

திரையில் முப்பது கோடுகள் எழுதிக்கொண்டிருந்தன. முப்பதின் தலையிலும் மாதுரி. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.