பாட்டிலில் என்ன கலந்தாள்?

"என்னடி கலந்திருக்கே இதுல?"

வாயில் வைத்த தண்ணீரை வாசற்படியிலேயே துப்பிவிட்டுக் கேட்டார் பச்சைமுத்து. காலை ஆறரை மணி. பொம்மசந்திரா போகிற கம்பெனி வண்டி வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"உப்பும் சர்க்கரையும்ங்க... கொஞ்சம் எலுமிச்சம்பழம். உலை முன்னாடி நிக்கறீங்க, வேர்த்துக் கொட்டுது. அப்பப்போ ரெண்டு மடக்கு குடிங்க. சாப்பாட்டு நேரத்துல தலையில ஈரத்துண்டு போட்டுக்குங்க..." காந்தா சொல்லி முடிக்கவில்லை.

"பதினாறு வருஷமா உலை முன்னாடிதான் நிக்கறேன். இல்லாத அக்கறை இந்த மாசம் எங்கேருந்து வந்துச்சு?"

அதற்குள் உள்ளேயிருந்து மங்களம் வந்துவிட்டாள். பச்சைமுத்துவின் அக்கா. கணவன் இறந்த பிறகு ஐந்து வருடமாகப் பெங்களூர் மர்பி டவுனில் தம்பி வீட்டோடுதான் இருக்கிறாள். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"கலங்கலா இருக்கே தம்பி... புருஷன் கேள்வி கேக்காம இருக்க மருந்து வைக்கறவளுங்க இருக்காளுங்க, தெரியுமில்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. பாட்டிலை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். பச்சைமுத்து சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பி.யு.சி. படிக்கும் மகள் தீபிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருடம் வெயில் அப்படி! ஃபேன் எதற்கு என்று கேட்ட பெங்களூர்க்காரர்களெல்லாம் பகலில் ஈரத்தரையில் படுத்துக் கிடந்தார்கள். அந்த வெயிலில்தான் காந்தா வாரத்துக்கு இரண்டு முறை, பகல் பன்னிரண்டு மணிக்கு, நல்ல சேலை கட்டிக்கொண்டு எங்கோ போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். எங்கே என்று கேட்டால், "சும்மா, கடைக்கு" என்பாள். கையில் ஒரு பொட்டலமும் இருக்காது. மங்களம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

காந்தா போனது தொம்மலூருக்கு. மங்களத்தின் மருமகன் ராஜேஷ்குமாரின் ஆபீசுக்கு.

இரும்பு வார்க்கும் அந்த ஃபாக்டரிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் அவன். பச்சைமுத்துவும் அவன் ஆள்தான். போன மாதம் உலை முன்னால் ஒருவன் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் தொழிலாளர் காப்பீட்டு ஈ.எஸ்.ஐ. கார்டு கேட்டபோது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் நடந்தும், அவன் பெயரே பதியவில்லை என்று தெரிந்தது. விழுந்தவனின் மனைவி காந்தாவிடம் வந்து அழுதாள். "உங்க வீட்டுக்காரருக்கும் இருக்காதுக்கா! போய் விசாரிங்க!"

விசாரித்தாள். இல்லை. ராஜேஷ்குமார் வேலைக்கு வைத்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இல்லை.

"அத்தை, அடுத்த மாசம் பதிஞ்சிடறேன்," என்றான் ராஜேஷ்குமார். அவள் விடாமல் போய் நின்றதும் அவன் குரல் மாறியது. "இது மாமா காதுக்குப் போச்சுன்னா, வித்யாவைக் கூட்டிட்டு வந்து உங்க வீட்டு வாசல்லயே விட்டுடுவேன். பாத்துக்குங்க!"

வித்யாலட்சுமி மங்களத்தின் ஒரே மகள். ஏழு மாத கர்ப்பிணி.

காந்தா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் போவதை நிறுத்தவில்லை. அவன் ஆபீஸ் வாசலில் மணிக்கணக்காக நின்றாள். உள்ளே உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. ஃபாக்டரியில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க் நாணு இரக்கப்பட்டு, பச்சைமுத்துவின் கையெழுத்தை மற்றக் காகிதங்களோடு வாங்கி, ஈ.எஸ்.ஐ. பதிவுப் பாரத்தைத் தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் அவளிடம் கொடுத்தார். கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் ராஜேஷ்குமார் அந்த ஒரு பாரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டான்.

அந்த பஸ் ஸ்டாப்பில்தான் மங்களத்துக்குத் தெரிந்த ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மங்களம் ஆரம்பித்தாள்.

"தம்பி, நான் சொன்னா குடும்பத்தைக் கலைக்கறேன்னு பேரு வரும். நீயே கேளு. புதன்கிழமை மத்தியானம் தொம்மலூர்ல ஒரு ஆம்பளை கூட நின்னு இவ என்ன பேசிட்டிருந்தான்னு கேளு!"

பச்சைமுத்து சோற்றிலிருந்து கையை எடுத்தார். "யாருடி அவன்?"

"என்னங்க... தீபிகா இருக்கா..."

"யாருடி அவன்னு கேக்கறேன்!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே மங்களம் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் காந்தா வித்யாவைத்தான் பார்த்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிற அந்தப் பெண்ணை.

"நான் தப்பு எதுவும் பண்ணலைங்க. இதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்கக் கூடாதா? அப்ப சரி... அக்கா, இனிமே எனக்கு நீயே சோறு கட்டிக் குடு. இவ கையால ஒரு வாய் தண்ணி எனக்கு வேண்டாம்!"

தீபிகா விம்மிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். காந்தா எல்லார் தட்டையும் எடுத்துக் கழுவினாள். அவள் தட்டில் மட்டும் சோறு அப்படியே இருந்தது.

நான்காம் நாள் வியாழன். மதியம் ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு பிரிஜெட் ஓடி வந்தாள். "காந்தா! உனக்கு போன்! யாரோ நாணுவாம்..."

அந்தப் பெயரைக் கேட்டதும் மங்களத்தின் புருவம் உயர்ந்தது. காந்தா ஓடிப்போய் போனைக் காதில் வைத்தாள்: பச்சைமுத்து உலை முன்னால் மயங்கி விழுந்துவிட்டார்.

காந்தாவும் மங்களமும் ஆட்டோவில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பச்சைமுத்து கண்ணை மூடி ஏதோ உளறிக்கொண்டிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. நர்ஸ்கள் ஈரத்துணி சுற்றி, கக்கத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

"காலையிலேருந்து தண்ணியே குடிக்கல போலிருக்கு. ஒடம்புல உப்பே இல்ல. இந்த வெயில்ல உலை வேலைக்குப் போறவருக்கு உப்பு, சர்க்கரை போட்டு ஒரு பாட்டில் தண்ணி குடுத்து அனுப்பக் கூடாதாம்மா? யாருமே சொல்லலையா?"

காந்தா நர்ஸின் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள்.

அட்மிஷன் ஜன்னலில் இருந்தவர் கன்னடத்தில் கேட்டுக் கையை நீட்டினார். "கார்ட் கொடி அம்மா. ஈ.எஸ்.ஐ. கார்ட்."

"என் மருமகன்தான் கான்ட்ராக்டர்! இதோ வரச் சொல்றேன்!" மங்களம் பெருமையோடு எதிர்க்கடை போனுக்கு ஓடினாள். காந்தாவும் பின்னாலேயே போனாள். ராஜேஷ்குமாரின் குரல் வெளியே நின்றவளுக்கும் கேட்டது.

"அத்தை, மாமா என் ஆளுன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க! எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க..."

மங்களம் கையில் ரிசீவரோடு அப்படியே நின்றாள். காந்தா அதை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலுக்குத் திரும்பி வந்து, பர்சிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். அந்த ஒரு பாரத்தைப் பதிந்ததும் கிடைத்த, கார்டு வரும்வரைக்கான தற்காலிகச் சீட்டு. ஜன்னல்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"இது... இது உன்கிட்ட எப்படிடீ...?"

பதில் சொன்னது, பச்சைமுத்துவைத் தூக்கி வந்தவர்களோடு நின்றிருந்த தலை நரைத்த மனிதர். "நான்தாம்மா நாணு. இந்தம்மா எத்தனை நாள் வெயில்ல வந்து நின்னாங்க தெரியுமா? உங்க மருமகன் உட்காருன்னுகூடச் சொல்லல. 'உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்களேன்'னு நான் கேட்டேன். 'வேண்டாண்ணா, அக்கா பொண்ணு வாழ்க்கை போயிடும்'னாங்க..."

மங்களம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ... நானே கொட்டினேனே! அந்தத் தண்ணிய என் கையாலயே கொட்டினேனே!"

மறுநாள் காலை பச்சைமுத்துவுக்குத் தெளிவு வந்தது. நாணு எல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கண்ணோரம் நீர் வழிய மனைவியின் கையைப் பிடித்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே காந்தா..."

"சொல்லியிருந்தா அன்னிக்கே அவன் சட்டையைப் பிடிச்சிருப்பீங்க. வித்யா பெட்டியோட வந்து நின்னிருப்பா." கையை அவள் உருவிக்கொள்ளவில்லை. "நீங்க பொழச்சது போதும் எனக்கு. ஆனா பொண்ணை வச்சிக்கிட்டு அப்படிக் கேட்டீங்களே... அது இன்னும் நெஞ்சுக்குள்ளயே நிக்குதுங்க. சட்டுனு போகாது."

"நீ என்ன திட்டினாலும் தகும்மா," என்றார் அவர்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மங்களம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் போயிடறேன் காந்தா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் வீட்ல இருப்பேன்?"

"போறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா. இன்னும் பதினோரு பேர் அதே உலை முன்னாடி நிக்கறாங்க, ஒருத்தருக்கும் பேர் பதியல. நான் கேட்டா உங்க மருமகன் வாசல்லதான் நிக்க வைப்பான். நீங்க வந்து கேளுங்க."

மங்களம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி. ஒரே குடையின் கீழ் இருவரும் தொம்மலூர் போனார்கள். நாணு கொடுத்த பதினோரு பாரங்களும் மங்களத்தின் கையில் இருந்தன. வாசலில் நிறுத்த வந்த ஆளைத் தாண்டி நேரே உள்ளே போய், மருமகனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துக் காந்தாவையும் உட்கார வைத்தாள்.

"அத்தை, இப்ப பிஸியா இருக்கேன்..."

"இருங்க மாப்பிள்ளை. நாங்க உக்காந்திருக்கோம். இதுல எல்லாம் நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் எழுந்திருக்கப் போறதில்ல."

"வித்யா விஷயம் யோசிச்சுப் பேசுங்க அத்தை!"

"அனுப்பறேன்னு சொன்னீங்களாமே? அனுப்புங்க! பிரசவம் பாக்க என் தம்பி பொண்டாட்டி இருக்கா. ஆனா வேலை பாக்கறவங்க பிடித்தத்தைத் தின்னுட்டு, என் தம்பியை உங்க ஆளுன்னு சொல்லாதேன்னீங்களே... அதை வித்யாகிட்ட நானே சொல்லுவேன். நாளைக்கு உங்க புள்ளைகிட்டயும் சொல்லுவேன்!"

ராஜேஷ்குமார் ஒரு முறை காந்தாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. பேனாவைத் தேடி எடுத்தான். பதினொன்றுக்கும் கையெழுத்து விழுந்தது. ஒவ்வொன்றையும் மங்களம் ஊதி, மை காய்ந்ததா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினாள்.

படி இறங்கும்போது அவளால் முடியவில்லை. பாதிப் படியில் நின்று, காந்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"என் பொண்ணுக்காக நீ வாயை மூடின... நான் உன்னை என்னென்ன சொன்னேன்டீ..."

காந்தாவுக்கும் கண் நிறைந்தது. அவள் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"நடங்கக்கா. டைம் ஆபீஸ் மூடறதுக்குள்ள இதை நாணு அண்ணன்கிட்ட சேத்துடணும்."