ஒரு லிட்டர் மூச்சு

சனிக்கிழமை காலைச் சிற்றுண்டி முடிந்ததும், புதுப்பேரூர்த் தொல்லூர்தி நேசர் கழகத்தின் உறுப்பினர்கள் மூச்சை மிச்சம் பிடிப்பதற்காக வரிசையாக வந்து படுத்துக்கொண்டார்கள்.

படுக்கும் இடத்துக்குத் தணிப்புக்கூடு என்று பெயர். ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி, உள்ளே இதமான குளிர், மங்கலான வெளிச்சம். நெஞ்சுக்குள் பதித்திருக்கும் மூச்சுமானி இதயத்தை மெல்லத் தட்டிக்கொடுத்து அதன் வேகத்தைக் குறைக்கும். குறைந்த மூச்சில் கிடக்கும் நேரமெல்லாம் சேமிப்பு. கழகச் செயலாளர் ஜெசிந்தா மட்டும் படுக்காமல் கூடுகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மயில்சாமிண்ணா, குறட்டை விடாதீங்க! சேத்து வெச்ச மூச்செல்லாம் வீணாப் போகுது!"

"நான் தூங்கவே இல்லீங்க்கா."

"அப்ப ஏன் பேசறீங்க? அதுவும் வீண்தான்."

இதெல்லாம் ஒரு காருக்காக.

செவ்வாயில் காற்று வானத்திலிருந்து வருவதில்லை, பாத்தியில் விளைகிறது. புதுப்பேரூர் ஒரு கண்ணாடிக் குவிமாடம். அதன் உள்விளிம்பை ஒட்டி வட்டச்சாலை ஓடுகிறது. சாலையின் இரு ஓரங்களிலும் நீளமான தொட்டிகளில் பச்சைப்பாசி வளர்கிறது. மனிதர்கள் வெளியே விடும் கரிவளியைப் பாசி உண்டு, ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது. கணக்கு இழுபறிதான். ஆகவே ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு மூச்சு என்று அளவு உண்டு. மிச்சம் பிடித்ததை யாருக்கும் கொடுக்கலாம். கல்யாண வீட்டில்கூட மொய்யாக அரை மணி நேர மூச்சு எழுதுவார்கள்.

இந்த ஊரில் பெட்ரோல் கார் ஓட்டுவது என்றால் என்ன என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கார் பெட்ரோலைக் குடிக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது குடிப்பதைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது ஒரு மனிதன் மூன்று நாள் வாழ்வதற்கான மூச்சு. பெட்ரோலையாவது பாசி எண்ணெயிலிருந்து வடித்துக்கொள்ளலாம். மூச்சை யாராவது கொடுத்தால்தான் உண்டு. அதனால் கழகத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆண்டுக்கு ஒரு கார், ஒரு லிட்டர், வட்டச்சாலையில் ஒரு சுற்று. எந்தக் கார் என்பதை உறுப்பினர்கள் மூச்சுக் கொடுத்துத் தீர்மானிப்பார்கள்.

இந்த ஆண்டு இளம்பரிதியின் கார்.

இளம்பரிதி குவிமாடத்தின் காற்றுப்பூட்டுக் கதவுகளைப் பழுதுபார்ப்பவர். முதல் தலைமுறையில் குடியேறிய செல்வந்தர் ஒருவர் ஆசைப்பட்டுப் பூமியிலிருந்து கொண்டுவந்து, ஒருநாளும் ஓட்டாமல் கிடங்கில் போட்டுவிட்டுப் போன இரண்டு இருக்கைப் பந்தயக் கார் அது. சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடல். குலுக்கலில் அது இளம்பரிதிக்கு விழுந்தபோது எஞ்சினுக்குள் ஓர் எலிக்குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்திருந்தது.

ஏழு ஆண்டுகளாக அவர் அதைத் திருத்தினார். செவ்வாயில் பொருள்களுக்கு எடை குறைவு. பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எடை குறைந்தால் டயர் தரையைப் பிடிக்காது. வளைவில் கார் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஆகவே பின்புறம் ஒரு பெரிய இறக்கையை மாட்டினார். விமானத்தின் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டால் எப்படியோ அப்படி. வேகம் கூடக்கூடக் காற்று அதன்மேல் ஏறி உட்கார்ந்து காரைத் தரையோடு அழுத்தும். பூமியில் பலர் அழகுக்காக மாட்டிக்கொண்ட அந்த இறக்கை, செவ்வாயில்தான் உண்மையாகவே தேவைப்பட்டது. புகைபோக்கியின் முனையில் நச்சுப்புகையைப் பிடித்து வைக்கும் பெட்டி. எஞ்சினின் வாயில், கொடுத்த மூச்சு தீர்ந்ததும் சட்டென்று மூடிக்கொள்ளும் காற்றுமானி.

ஒவ்வொரு திருத்தத்தையும் கழகத்தில் காட்டினார். இருக்கைத் தோலின் நிறத்தைப் பற்றி மட்டும் ஒரு மாதம் சண்டை நடந்தது. எல்லாவற்றையும் அவர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே. அவருக்கு மூன்றாவது கியரைக் கேட்க வேண்டும்.

முதல் கியர் என்பது தள்ளுவதற்கு: பலம் அதிகம், வேகம் குறைவு. இரண்டாவது ஓடத் தொடங்குவதற்கு. மூன்றாவதற்கு மாறும்போதுதான் அந்த எஞ்சின் மூச்சை முழுதாக இழுத்து, அடித்தொண்டையிலிருந்து ஒரு சுருதியைப் பிடிக்கும். பழைய ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறார். பட்டறைக்குள் முன்னும் பின்னும் நகர்த்தும்போது முதல் கியருக்கு மேல் போக வழியில்லை. வட்டச்சாலையின் வடபுறத்தில் மட்டும் அரைக் கிலோமீட்டருக்கு நேரான பகுதி இருந்தது. அங்கே மூன்றாவது கியர் விழும்.

"அது விழவே வேண்டியதில்லீங்களே" என்றார் முனைவர் வாகீசன்.

வாகீசன் கழகத்தின் வரலாற்றறிஞர். கார்களுக்குப் பரிசு தரும் நடுவரும் அவரே. பூமியிலிருந்து வந்த பழைய படத்துணுக்குகளை ஆயிரக்கணக்கில் பார்த்து ஆராய்ந்தவர்.

"நான் பாத்த படங்கள்ல பந்தயக் கார் பெரும்பாலும் நின்னுட்டுதான் இருக்குது. பக்கத்துல ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சாஞ்சு நிக்கறார். என்ற முடிவு என்னன்னா, அது அடிப்படையில சாஞ்சு நிக்கறதுக்கான சாதனம். மூணாவது கியரெல்லாம் அலங்காரமாக்கூட இருக்கலாமுங்க."

"அலங்காரமா?" இளம்பரிதிக்குக் காது சிவந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வாங்க. காட்டறேன்."

ஆனால் நாற்பது பேர் தலைக்கு இரண்டு மணி நேர மூச்சு கொடுக்க வேண்டும். சனிக்கிழமை கூடுகள் திறந்தபோது முப்பத்தொன்பதுதான் சேர்ந்திருந்தது. மயில்சாமியின் குறட்டை ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

இளம்பரிதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி நாச்சியார் பாசிப் பாத்திகளின் தலைமை வளர்ப்பாளர். ஊருக்கே மூச்சு விளைவிப்பவள். அவர் அதை எரிக்கப் பார்ப்பவர். இதை வைத்து ஊரில் இல்லாத கேலி இல்லை.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் தொங்குது?"

"ஒரு பங்கு கொறையுது, நாச்சி. நாப்பதும் சேராம கார வெளிய எடுக்க விடமாட்டாங்க."

நாச்சியார் கையிலிருந்த பாசியைக் கழுவினாள். "என்ற பங்க எழுதிக்கச் சொல்லுங்க."

"உன்றதா? நீதான கார் இருக்கற பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்ட?"

"ஏழு வருசமா தூக்கத்துல கியர் மாத்தறீங்க. என்ற முழங்கையத்தான் புடிச்சு மாத்தறீங்க. ஒருக்கா கேட்டுத் தொலைங்க, நானும் நிம்மதியாத் தூங்குவேன்." பிறகு சேர்த்தாள்: "பக்கத்துச் சீட்டு எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது.

புதுப்பேரூரில் எல்லோரிடமும் மின்வண்டி உண்டு. அவற்றை ஓட்டுவது வழிநடத்தி என்னும் ஊர்ப்பொது மூளை. எந்த வண்டி எப்போது எங்கே திரும்ப வேண்டும் என்று அது முன்கூட்டியே கணக்கிட்டுவிடுவதால், குடியேறிய நாளிலிருந்து அந்த ஊரில் ஒரு வண்டி இன்னொரு வண்டிக்காகக் காத்து நின்றதில்லை. ஆனால் இந்த ஆண்டு விழா நாளில் வழிநடத்தியை நிறுத்திவிட்டு எல்லோரும் முன்னோர்கள்போல் கையாலேயே ஓட்ட வேண்டும் என்று வாகீசன் ஆலோசனை சொல்லியிருந்தார். கழகத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது: மூச்சுக் கொடுத்தவருக்கு முன்வரிசை. காருக்கு வெகு அருகில் வண்டி ஓட்டிவர அவருக்கு உரிமை உண்டு.

மூச்சுக் கொடுத்தவர்கள் நாற்பது பேர். முன்வரிசையோ ஒன்றுதான்.

இளம்பரிதி சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, கனைத்தது, பிடித்துக்கொண்டது. நாச்சியார் தன்னை அறியாமல் கதவுக் கைப்பிடியைப் பற்றினாள். கார் முதல் கியரில் உறுமிக்கொண்டு வட்டச்சாலையில் ஏறியது. நேர்சாலையின் வாயில் வந்தது. இளம்பரிதி கிளட்சை மிதித்தார்.

அப்போது இடப்புறமிருந்து மயில்சாமி தன் வண்டியைக் குறுக்கே விட்டார்.

"நானும் மூச்சுக் குடுத்தவன்தானுங்க!"

"உங்களுது குறட்டையிலயே போச்சு! தள்ளுங்க!" என்று வலப்புறமிருந்து ஜெசிந்தா நுழைந்தாள். அவள் விட்ட இடைவெளியில் இன்னொருவர் மூக்கை நுழைத்தார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முன்னால் வந்தார்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருப்பதைக் கண்ட ஒரு கூட்டம் அந்த வழியாகச் சுற்றிவந்து, அங்கே அதே யோசனையோடு வந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்தைச் சந்தித்தது.

அத்துடன் அசைவு நின்றது.

இந்த நிலைக்கு அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மின்வண்டிகளில் ஒலிப்பான் கிடையாது, ஆகவே வாயாலேயே "பாம்! பாம்!" என்றார்கள். முன்னால் ஒரு முழம்கூட இடம் இல்லை என்று கண்ணால் பார்த்தவர்களும் "பாம்" என்றார்கள். ஒருவர் இறங்கி நடுச்சாலையில் நின்று கையை ஆட்டி வழி சொல்லத் தொடங்கினார். அவருடைய வண்டிதான் வழியை அடைத்திருந்தது. "எங்க மாமா ஊர்ச்சபையில இருக்கறாரு, தெரியுமில்ல?" என்று எங்கோ ஒரு குரல் கேட்டது. எங்கிருந்தோ ஒரு பெண் கூடையோடு வந்து வண்டிகளுக்கு நடுவே சுண்டல் விற்றாள்.

காற்றுமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. கார் நின்றாலும் எஞ்சின் மூச்சு வாங்குவதை நிறுத்துவதில்லை. உள்ளே பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, சக்கரத்துக்குச் செய்தி போகவில்லை, அவ்வளவுதான்.

"ஏனுங்க, அத அமத்துங்க. வழி விட்டப்பறம் போட்டுக்கலாம்."

"இப்ப விட்டுருவாங்க, நாச்சி."

"அதையேதான் சொல்லிட்டிருக்கீங்க. எரியறது என்ற மூச்சுங்க!"

"இதோ, அந்த வண்டி நகுருது பாரு."

அந்த வண்டி நகர்ந்தது. காருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நின்றது. அதிலிருந்தவர் இறங்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காரின்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு" என்றார்.

எட்டு மனிதர்களின் மூச்சு போயிற்று. பதினாறு பேருடையது போயிற்று. இளம்பரிதியின் இடதுகால் கிளட்சின் மேல் நடுங்கத் தொடங்கியது. கைமட்டும் கியர்க்குமிழை விடவில்லை. கடைசியில் காற்றுமானி "டக்" என்று மூடிக்கொண்டது. எஞ்சின் ஒரு விக்கலோடு அடங்கியது.

உடனே வட்டச்சாலை முழுவதும் கைதட்டியது. வாகீசன் வண்டிகளின் மேல் ஏறித் தாண்டி வந்து இளம்பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"படத்துல பாத்த அதே பூமிங்க! இம்மியும் மாறல. இத்தனை வருசத்துல யாருமே இவ்வளவு உண்மையா ஓட்டுனதில்லை!"

முதல் பரிசு அவருக்கே என்று அங்கேயே அறிவித்தார். அதற்குள் பதினோரு பேர் ஜெசிந்தாவைச் சூழ்ந்து, பூமியிலிருந்து தங்களுக்கும் ஒரு கார் வரவழைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஊர்ச்சபை ஊரார் எல்லோரையும் கூட்டியது. நேற்று நடந்தது ஏன் நடந்தது என்பதில் கருத்து வேறுபாடே எழவில்லை. வழிநடத்தியை நிறுத்தியதை யாரும் சொல்லவில்லை. நாற்பது பேர் ஒரே வரிசைக்கு ஆசைப்பட்டதையும் யாரும் சொல்லவில்லை. சாலை குறுகல். கழகத்தின் சார்பில் ஜெசிந்தா தீர்மானத்தைப் படித்தாள்: வட்டச்சாலையை அகலப்படுத்துவது, அதற்காக ஒரு பக்கத்துப் பாசிப் பாத்திகளை எடுத்துவிடுவது.

நாச்சியார் எழுந்தாள். "பாதி ஊரு அந்தப் பாத்தியிலதானுங்க மூச்சு விடுது."

"எல்லாத்துக்கும் ஒரு குத்தம் சொன்னா ஊரு எப்படிங் முன்னேறும்?" என்றார் மயில்சாமி. எல்லோரும் சிரித்தார்கள். "சரின்னு நெனைக்கறவங்க கையத் தூக்குங்க" என்றாள் ஜெசிந்தா.

கைகள் உயர்ந்தன. நாச்சியார் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணவரின் கை மடியில்தான் இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். அகலமான சாலை, குறுக்கே யாரும் இல்லை, கிளட்ச், இரண்டு, இதோ மூன்று. கை மேலே போனது.

சபையிலிருந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாத்திகளின் பச்சை வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்துகொண்டே வந்தது. கடைசிப் பாத்தி வந்தபோது நாச்சியார் நின்றாள்.

"சாலை வந்துரும், காரும் வந்துரும். காத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு என்ன நாச்சி?" என்றார் இளம்பரிதி. "பூமியில இருந்து வாங்கிக்கலாம். அங்க காத்து ஏகப்பட்டது சும்மா கெடக்குதாம். யாரும் அத ஒரு பொருட்டாவே நெனைக்கறதில்லையாம்."