வெளிச்சம் பத்தாத சாலை

மான் மோதி உடைந்த விளக்கு என்று ராய்ஸ் சொல்லியிருந்தான். ஆனால் அதில் மான் மயிர் ஒன்றுகூட இல்லை.

மார்லா முன்பம்பரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இடது விளக்கின் உடைந்த கூட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வடக்கு மிச்சிகனில் நவம்பர் வந்தால் வாரத்துக்கு ஒருவராவது மானை இடித்துவிட்டு வருவார். உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு அந்த மயிர் நன்றாகத் தெரியும். துடைப்பக் குச்சி போல விறைத்து, பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு இடுக்கிலும் குத்திக்கொண்டு நிற்கும். தண்ணீர் அடித்தாலும் போகாது. இங்கே இடுக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. தின்ற தட்டைக்கூடக் கழுவாத புருஷன் காரைக் கழுவியிருக்கிறான். பம்பருக்குப் பின்னாலிருந்து பிளீச் வாசனை வந்தது.

"ரெண்டு பக்கமும் புது ஹெட்லைட் போட்டுடு மார். இருக்கறதுலயே பெரிய வெளிச்சம். அப்படியே கீழ ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் மாத்திடு. மான அடிச்சதுலேர்ந்து வண்டி உதறுது" என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை பந்தயம். எப்போதும் அவன் சொல்வான், அவள் செய்வாள். கார் ஆக்ஸில் செய்யும் ஆலை மூடும் வரை இருபது வருஷம் டிஃபரன்ஷியல் பூட்டிய கை அவளுடையது. அந்தக் காரை ஓடும்படி செய்ததும் அதே கைதான். பந்தயத் திடலில் மட்டும், "எல்லாம் நானே பூட்டினதுடா" என்பான் ராய்ஸ். ஆண்கள் அவன் தோளைத் தட்டுவார்கள். அவள் காப்பிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

கசப்பு பழகிவிட்டால் அதுவும் ஒரு ருசிதான். அவள் காருக்கடியில் படுத்தாள்.

தகரக் கொட்டகையின் மேல் ஏரிக்காற்று உரசிக்கொண்டிருந்தது. குளிர்காயும் எண்ணெய் அடுப்பு மூலையில் முனகியது. எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் பழைய ஷாஃப்ட் லேசாக வளைந்திருந்தது. ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியதுபோல அடியில் நீளமாக ஒரு தேய்ப்பு. கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான புதிய டிஃபரன்ஷியலை ஜாக்கியால் தூக்கி உட்காரவைத்து, போல்ட்டுகளை முறுக்கி, எண்ணெய் விட்டு, ஷாஃப்டை மாட்டி முடித்தபோது ஜன்னலில் பகல் போய்விட்டிருந்தது. சாயங்காலம்தான். இந்த மாதத்தில் இங்கே வெளிச்சத்துக்கு ஆயுசு குறைவு.

பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பி நின்றன. பழைய பெட்டியில் ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். பந்தயத்துக்கென்று செய்த புதியதில் இரண்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். வேலை சரியா என்று பார்க்க அதுதான் வழி. மார்லா இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளினாள்.

நகர்ந்தது. பிறகு நின்றது.

பல் சிக்கினால் இரும்பு டக்கென்று முட்டும். அது கைக்குத் தெரியும். இது முட்டவில்லை. ரப்பர்போல இழுத்து, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடி இறுகியது. அந்தப் பக்கத்தில் ஒருவர் வலது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். ஆலையில் கூட்டாளிகள் விளையாட்டுக்கு அப்படிச் செய்வதுண்டு.

"ராய்ஸ்?" என்றாள்.

அவன் லாரி வந்த சத்தமே இல்லை. அவள் பிடியைத் தளர்த்தினாள். சக்கரம் அவள் உள்ளங்கைக்குள் மெதுவாகப் பின்னால் சுற்றியது. பொறுமையாக. தள்ளிவிடுவதுபோல.

எழுந்து சுற்றிப்போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. வலது சக்கரத்தைத் தொட்டாள். டயர் ஈரமாக இருந்தது. அந்தச் சக்கரம் மட்டும்.

எண்ணெய் கெட்டியாக இருக்கும், குளிர்தானே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். தன் குரலே பக்கத்தில் துணைக்கு வேண்டியிருந்தது. காலையில் உணவகத்தில் கேட்ட பேச்சு ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. அங்கே பரிமாறும் வெர்னா நாலைந்து நாளாக வேலைக்கு வரவில்லை. கார் இல்லாதவள். ஏரிச் சாலையில் நடந்தேதான் வீட்டுக்குப் போவாள். முதலாளி ஹட்ச் முட்டையைப் புரட்டியபடி சொன்னான்: "எவனாவது சிக்கியிருப்பான். வெயில் காயற ஃப்ளோரிடா பக்கம் பறந்துட்டா. குளிரு ஆகல, குளிரு ஆகலன்னு பொலம்பிட்டே இருந்தாளே." எல்லோரும் சிரித்தார்கள். மார்லாவும் சிரித்தாள்.

புதிய விளக்குகளை மாட்டி, வயர் இழுத்து, பியூஸ் வைத்தாள். எதிர்ச் சுவர் வெள்ளைப் பலகை. வெளிச்சத்தின் உயரம் பார்க்க அதில் நீல டேப்பால் கோடு ஒட்டியிருந்தாள். கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு காருக்குள் கையை நீட்டி சுவிட்சைத் தட்டினாள்.

வெளிச்சம் பாலைக் கொட்டியதுபோலச் சுவரில் பாய்ந்தது. டேப்பின் சுருக்கம்கூடத் தெரிந்தது. நல்ல வேலை. அவளுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

இடது பக்கத்தில் ஒரு கறை.

கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். போகவில்லை. விளக்கின் முன்னால் கையை ஆட்டினாள். கையின் நிழல் மங்கலாக ஆடியது. ஒரு விளக்கு மறைத்ததை இன்னொரு விளக்கு கொஞ்சம் வெளுக்கவைக்கும், அதுதான் இயல்பு. கறை மட்டும் வெளுக்கவில்லை. கரியால் தீட்டியதுபோல அழுத்தமாக நின்றது. கீழே குறுகி, மேலே தோள் விரிந்து, அதற்கு மேல் உருண்டையாகத் தலை. ஒரு கை உயர்ந்து நெற்றிக்கு மேல் நின்றது. கண் கூசினால் யாரும் செய்வதுதான். இருட்டில் நடந்து போகும்போது எதிரே கார் வந்தால்.

காருக்கும் சுவருக்கும் நடுவே வெறும் சிமெண்டுத் தரை. ஒன்றுமில்லை. காற்றுகூட அசையவில்லை.

அடுப்பு முனகுவதை எப்போது நிறுத்தியது என்று தெரியவில்லை.

விளக்கு பொருந்தும் சட்டத்தில் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கைவிளக்கை வைத்துக்கொண்டு தேடினாள். போல்ட்டுக்கு அடியில், பிளீச் எட்டாத இடத்தில், ஒரு நூல் சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தாள். கம்பளி நூல். ஆரஞ்சு. மான் வேட்டைக் காலத்தில் ஊரே ஆரஞ்சு போடும், தவறிச் சுடுபடாமல் இருக்க. ஆனால் அதெல்லாம் கடையில் வாங்கிய பளபளத் துணி. கையால் பின்னிய கம்பளித் தொப்பி போடுகிறவள் ஒருத்திதான். காப்பி ஊற்றக் குனியும்போது அந்தத் தொப்பியின் குஞ்சம் மேஜையில் இடிக்கும்.

பின்னால் கதவு திறந்தது. அவள் கத்திவிட்டாள்.

"பேயப் பாத்த மாதிரி கத்தற! அட, இது என்ன, பகலாட்டம் இருக்கே!" ராய்ஸ் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். பியர் வாசனையும் கூடவே வந்தது. "சும்மா சொல்லக்கூடாது, கிழவி. கை இன்னும் துருப்பிடிக்கல உனக்கு."

அவள் நூலை நீட்டினாள்.

அவன் பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

"என் தொப்பி நூலு."

"உன் தொப்பி கம்பளி இல்ல, ராய்ஸ்."

"அப்போ மான் தொப்பி போட்டிருந்துச்சு போல."

அவள் நூலை நீட்டியபடியே நின்றாள். அவனால் மௌனத்தைத் தாங்க முடியாது, கல்யாணமான நாளிலிருந்தே.

"மான்னுதான் நெனச்சேன்" என்றான் கடைசியில். "சத்தியமா. திடீர்னு ரோட்டுல நின்னா. கைய இப்படி வெச்சுக்கிட்டு. நகர வேண்டியதுதானே? நகரலயே!"

"உயிரு இருந்துச்சா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எங்க அவ இப்ப?"

"சதுப்புல. விடு. தண்ணி உறைஞ்சாச்சு." பிறகு தலையைத் தூக்கினான். கண்ணில் வழக்கமான அந்தப் பளபளப்பு. "நீ பூட்டிக் கொடுத்த பழைய லைட்டு, மார். அது என்ன லைட்டு? மெழுகுவத்தி. வெளிச்சம் இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? இதுல உன் பங்கும் இருக்கு. யாருகிட்டயாவது போறதுக்கு முன்னாடி அதையும் யோசிச்சுக்கோ."

அவன் குற்றம் என்றைக்கும் அவள் கைக்குத்தான் வந்து சேரும். இதுவும் வந்துவிட்டது.

"சுவத்தப் பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். வெகுநேரம். "லென்ஸ்ல அழுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று சுவரருகே போனான். அவன் நிழலும் கூடவே ஏறியது. கறை இருந்த இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். "பாரு, ஒண்ணுமில்ல! வெறும் பலகை! பாரு!"

கறையில் நெற்றிக்கு மேல் இருந்த கை இறங்கியது.

மார்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரம் இல்லாமல் இறங்கி, தேய்த்துக்கொண்டிருந்த ராய்ஸ் நிழலின் மணிக்கட்டில் படிந்தது.

"குளிருது" என்றான் ராய்ஸ். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "அடுப்பு அணைஞ்சுபோச்சா?" திரும்பி, வெளிச்சத்தை விட்டு விலகி, அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

அவன் நிழல் வரவில்லை.

சுவரிலேயே நின்றது. குனிந்த தோள். தொப்பை. கையில் துணி. பக்கத்தில் வெர்னாவின் நிழல், பிடியை விடாமல்.

"ராய்ஸ்."

"சும்மா இரு. சக்கரத்த எறக்கு. சனிக்கிழமை நான் ஓட்டணும்." அவன் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கார்க் கதவைத் திறந்து இருக்கையில் விழுந்தான். "தூரத்துக்கு அடிக்கற பெரிய லைட்டையும் பாத்துடறேன்."

"வேண்டாம்."

சுவிட்ச் விழும் சத்தம்.

விளக்குகள் வெடித்ததுபோல் ஒளிர்ந்தன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி பார்த்தபோது நிழல்கள் பெரிதாகியிருந்தன. இன்னும் பெரிதாயின. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் வளரும். அது அவளுக்குத் தெரியும். கூரையைத் தொட்டன. வெர்னாவுடையது முன்னால். ராய்ஸுடையது பின்னால். இழுபட்டு.

தரையில் காலடிச் சத்தம் இல்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். சொட்டு. சொட்டு. அருகில்.

"மார்?" உள்ளேயிருந்து அவன் குரல், சின்னப் பையனுடையதுபோல. "லைட்டு எரியலையே. ஒண்ணும் தெரியல. மார், லைட்டப் போடு."

இரண்டு விளக்குகளும் கண் கொள்ளாத வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. எதிர்ச் சுவர் முழுக்க இருட்டாக இருந்தது.